எலும்புக் குழலுக்கு நிறம் ஏற்றுவது

அமெரிக்கக் காடுகளில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சாரார், வான்கோழியை அழைக்க வான்கோழியின் இறக்கை எலும்பையே கருவியாக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஒட்டிய குழல் அது; நீளம் ஏறக்குறைய ஒரு சாண். பார்வைக்கு ஊதுகுழல் மாதிரி இருக்கும், ஆனால் ஊதினால் வேலைக்காகாது. மெல்லிய முனையை உதட்டில் வைத்து, முத்தமிடும்போது இழுப்பதுபோல் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். அப்போது எழும் ஒலி, பெட்டை வான்கோழியின் ‘கியோவ், கியோவ்’ என்ற குரலுக்கு வெகு அருகில் இருக்கும்.

குழலை வாசிப்பது தனிப் பாடம். இங்கே பேசப்போவது எலும்பைச் சுத்தம் செய்து, நிறமேற்றி, மேல்பூச்சு கொடுத்து முடிக்கிற வேலை. அலங்காரம்தானே என்று தோன்றலாம். ஆனால் இது வாயில் வைக்கிற பொருள். எச்சிலில் நனைகிற பொருள். துப்பாக்கியோடு நாலு பேர் நடமாடுகிற காட்டில் முகத்தருகே பிடித்திருக்கிற பொருள். மூன்றும் சேர்ந்துதான் எந்த நிறம், எந்தப் பூச்சு என்பதைத் தீர்மானிக்கின்றன.

வசந்த காலத்தில் சேவல் வான்கோழி மரத்தடியில் தோகை விரித்து, கடகடவென்று உரக்கக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டுப் பெட்டை தேடிப் போவதுதான் இயற்கையின் ஏற்பாடு. வேட்டைக்காரர் இதைத் தலைகீழாக்குகிறார். மறைவில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்பி, சேவலைத் தன்னிடம் வரவைக்கப் பார்க்கிறார். அமெரிக்காவின் பழங்குடி மக்களிடமிருந்து தொடங்கும் நீண்ட மரபு இது. அச்சில் இதற்குப் பெரிய இடம் கொடுத்தது 1914-ல் வெளியான ‘தி வைல்ட் டர்க்கி அண்ட் இட்ஸ் ஹன்ட்டிங்’ என்ற நூல். சார்லஸ் ஜோர்டன் என்ற வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அதை வெளியிட்டவர் லூசியானாவின் எட்வர்ட் மெக்கில்ஹென்னி. டபாஸ்கோ மிளகாய்ச் சாறு தயாரிக்கும் அதே குடும்பத்துக்காரர். எலும்போடு நாணல் துண்டைச் சேர்த்துச் செய்யும் ஒரு வகைக் குழல் இன்றும் ஜோர்டன் பெயரால்தான் அறியப்படுகிறது.

எலும்புகளுக்கு வருவோம். நம் கையில் தோளிலிருந்து முழங்கை வரை ஓர் எலும்பும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்புகளும் இருப்பதுபோலவே பறவையின் இறக்கையிலும் உண்டு. முன்கை எலும்பு இரண்டில் ஒல்லியானது ரேடியஸ். இதுதான் வாயில் வைக்கும் முனை. அதைவிடத் தடித்த அல்னா நடுத்துண்டு. மேற்கை எலும்பான ஹியூமரஸ், விரிந்த வாயோடு கடைசியில் நின்று ஒலியை வெளியே தள்ளும். அல்னாவின் முதுகில் வரிசையாகச் சிறு மொட்டுகள் தெரியும். இறகுகள் வேர்விட்டு நின்ற இடங்கள் அவை. சிலர் அவற்றை அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிடுவார்கள். விட்டுவைப்பதே மேல் என்பது என் கட்சி. நிறமேற்றிய பிறகு அந்த மொட்டுகள்தான் இது ஒரு பறவையின் எலும்பு என்று கண்ணுக்குச் சொல்லும். கைக்கும் நல்ல பிடிமானம்.

முற்றிய பறவையின் எலும்புதான் வேண்டும். கடையில் இறைச்சிக்காக விற்கும் வான்கோழிகளைப் பெரும்பாலும் நாலைந்து மாதத்திலேயே அறுத்துவிடுகிறார்கள். அவற்றின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தாகவே இருக்கும். வேகவைத்தால் கரைந்துபோகும், நிறமும் திட்டுத்திட்டாக ஏறும்.

எலும்புக்கு நிறமேறுமா ஏறாதா என்பது சாயக் கிண்ணத்தில் முடிவாவதில்லை. அதற்குப் பல நாள் முன்பே, கழுவுகிற வாளியிலேயே முடிவாகிவிடுகிறது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுண்ணச்சத்து கலந்த தாதுப்பொருள். மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். இவற்றினூடே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கால்வாய்கள். உயிரோடிருந்தபோது ரத்த நாளங்கள் ஓடிய வழிகள் அவை. சாயம் உள்ளே புகுவதும் அந்த வழிகளில்தான். அதே வழிகளில் கொழுப்பும் உறைந்து கிடந்தால் சாயத்துக்கு இடமில்லை. எண்ணெய்க் கறை பட்ட சுவரில் சுண்ணாம்பு பிடிக்காததுபோல, கொழுப்பு நிற்கிற இடம் எவ்வளவு முக்கினாலும் மஞ்சளாகவே நிற்கும்.

அதனால் முதல் வேலை கொழுப்பு எடுப்பது. இறைச்சியை வழித்தெடுத்த எலும்பைத் தண்ணீரில் மெல்லிய சூட்டில் வைக்கலாம். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. கொதிக்கக் கொதிக்க இரண்டு கேடு. கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து வெளியேறும். சூப்புக்கு நல்லது, குழலுக்கு ஆகாது, எலும்பு நொறுங்கும். இன்னொன்று, உருகிய கொழுப்பு எலும்பின் உட்புறத்துக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடும். ஒட்டியிருக்கும் சதை இளகியதும் எடுத்து, இரு முனைகளின் முண்டுகளையும் மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கம்பியில் துணி சுற்றித் தள்ளி எடுக்கலாம். ஹியூமரஸின் உள்ளே முனைகளருகே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய எலும்புத் தாங்கிகள் இருக்கும். உருளை அரத்தால் பொறுமையாக உடைத்தெடுத்தால்தான் காற்று தடையின்றிப் போகும்.

பிறகு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். சில எலும்புக்கு மூன்று நாள் போதும், சிலதற்கு மூன்று வாரம் ஆகும். கொழுப்பு போனதா என்று பார்க்க எளிய வழி: எலும்பை நன்றாகக் காயவைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடிபோல ஒளி கசியும் மஞ்சள் திட்டு தெரிந்தால் கொழுப்பு இன்னும் இருக்கிறது. அவசரக்காரர்கள் அசிட்டோனில் போடுவார்கள். அது வேலை செய்யும், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கிற திரவம். மூடிய அறையில் அடுப்பருகே வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல.

வெளுக்க வேண்டுமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஒரு நாள் ஊறினால் ஒரே சீரான தந்த நிறம் வரும். துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச்சை மட்டும் தொடாதீர்கள். அது கொலாஜனையே அரிக்கும். கழுவிய பிறகும் உள்ளே தங்கி அரிப்பதை நிறுத்தாது. முதல் வாரம் பளீரென்று இருக்கும். போகப்போக மேற்பரப்பு சாக்பீஸ்போல் உதிரும்.

நிறமேற்றப் போகிறோமென்றால் எதற்கு வெளுக்க வேண்டும் என்று கேட்கலாம். அடர்ந்த பழுப்பு வேண்டுமென்றால் வெளுக்காமலே விடலாம். இளம் நிறம் வேண்டும், மூன்று எலும்பும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்றால்தான் வெளுப்பது தேவை.

அடுத்தது, நிறம் முதலா ஒட்டுவது முதலா என்ற கேள்வி. புதிதாகச் செய்கிறவர்கள் குழலை முழுதாக ஒட்டி முடித்துவிட்டு மொத்தமாகச் சாயத்தில் முக்க நினைப்பார்கள். மூட்டுகளில் பசை கசிந்து ஒரு நூலிழை அகலத்துக்காவது எலும்பின்மேல் படர்ந்திருக்கும். அந்த இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளை வளையம் நின்றுவிடும். மாறாக, முதலில் சாயமேற்றிவிட்டுப் பிறகு பொருத்தப் போனால், செருகுகிற முனையை ராவ வேண்டியிருக்கும்; ராவினால் நிறம் போகும். ஆகவே பொருத்தம் பார்த்து ராவுவது முதலில், நிறம் அடுத்து, பசை அதன் பிறகு. மூன்று எலும்பும் பசையில்லாமலே ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக உட்காருகிற வரை அரமும் உப்புத்தாளும் பிடித்துவிட்டுத்தான் சாயத்தை எடுக்க வேண்டும்.

உப்புத்தாளை 220-ல் தொடங்கி 320, 400, 600 என்று ஏற்றிக்கொண்டு போகலாம். சாயம் போடப்போகும் எலும்பை 600-க்கு மேல் தேய்க்காமல் நிறுத்துவது நல்லது. கண்ணாடி போல் மெருகேற்றிவிட்டால் சாயத்துக்குப் பிடிமானம் குறையும். முதல் தாள் விட்ட கீறலை அடுத்த தாள் முழுதாக எடுத்துவிட்டதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள். வெள்ளை எலும்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த கீறல்கள், சாயம் பட்டதும் கறுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கும். எலும்புத்தூள் நுரையீரலுக்கு ஆகாதது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. அப்போதும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்களில் எனக்கு முதலிடம் தேயிலைக்குத்தான். காரணம் வேதியியலில் இருக்கிறது. தேயிலையில் உள்ள டானின், கொலாஜனோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. தோல் பதனிடுகிறவர்கள் மரப்பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்துவது இதற்காகவே. எலும்பிலும் அதே கொலாஜன் இருப்பதால் தேயிலை நிறம் மேலே படிவதோடு நிற்காமல் உள்ளே பற்றிக்கொள்கிறது. ஒரு கோப்பைத் தண்ணீருக்குக் கைப்பிடித் தேயிலை போட்டு, கெட்டியான டிகாஷன் இறக்கி, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு எலும்பைப் போடுங்கள். சில மணி நேரத்தில் தேன் நிறம். இரவு முழுக்க ஊறினால் பழைய தந்தப் பொருளின் நிறம். வாயில் வைக்கிற முனைக்கு இதைவிட நிம்மதியான சாயம் கிடையாது. காப்பி டிகாஷனும் வேலை செய்யும், பழுப்பில் சற்றுச் சாம்பல் தட்டும். அடர்த்தி வருவதற்கு நாளாகும்.

வான்கோழி திரிகிற கிழக்கு அமெரிக்கக் காடுகளிலேயே வளர்வது கறுப்பு வால்நட் மரம். அதன் காயின் பச்சைத் தோலை ஊறவைத்த நீர், கையில் பட்டால் பல நாளைக்குப் போகாத கரும்பழுப்பு. அங்குள்ள பல கைவினைஞர்களுக்கு இதுதான் உள்ளூர்ச் சாயம். படிகாரம் போன்ற துணைப்பொருள் எதுவும் இல்லாமலே பிடித்துக்கொள்ளும்.

இன்னும் கறுப்பாக வேண்டுமா? டானின் ஏறிய எலும்பின்மேல் இரும்பு நீரைத் தொட்டால் கருநீலச் சாம்பலிலிருந்து கறுப்பு வரை போகும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்தால் இரும்பு நீர் தயார். தமிழர்களுக்கு இது புதிதல்ல. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர், கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டதும் கறுப்பாவதைக் கலம்காரி ஓவியர்கள் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். எலும்பில் செய்யும்போது ஓர் எச்சரிக்கை உண்டு. வினிகர் எலும்பின் சுண்ணத்தைக் கரைக்கும். எலும்பை வினிகரில் நாட்கணக்கில் போட்டால் ரப்பர்போல் வளையும் என்பது பள்ளிக்கூடப் பரிசோதனை. எனவே இரும்பு நீரைத் தூரிகையால் தொட்டு, நிறம் வந்ததும் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு முறை அலசிவிட வேண்டும். எலும்பில் சாயம் பிடிக்க வினிகரைச் சேர்க்கச் சொல்கிற குறிப்புகள் நிறைய உலவுகின்றன. சில சொட்டு, சில நிமிடம் என்றால் மேற்பரப்பு லேசாகத் திறந்துகொடுக்கும். அதற்கு மேல் போனால் ராவி வைத்த பொருத்தமெல்லாம் தளர்ந்துவிடும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊதாக் கரைசலாகப் போய், எலும்பில் பட்டதும் மாங்கனீசு டை ஆக்சைடாகப் படிந்து பழுப்பாகும். மான்கொம்பைப் பழசாகக் காட்டுவதற்கும் இதைத்தான் பூசுகிறார்கள். நிமிடங்களில் வேலை முடியும். நூறு வயதான எலும்பு போலத் தோற்றம் வரும். கையுறை போடாவிட்டால் விரலும் நூறு வயதாகிவிடும். நடுத்துண்டுக்கும் விரிந்த முனைக்கும் இதைப் பயன்படுத்தலாம். வாயில் வைக்கும் துண்டுக்கு வேண்டாம்.

தோல் பொருள்களுக்குப் போடும் ஸ்பிரிட் சாயங்களும் இப்படித்தான். நிறவகை ஏராளம், விரைவாகக் காயும், ஒரே சீராக ஏறும். ஆனால் அவை எச்சிலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகையால் ரேடியஸ் எலும்பைச் சாயமே இல்லாமல் அல்லது தேயிலையோடு மட்டும் விட்டுவிட்டு, மற்ற இரண்டை மட்டும் அடர்த்தியாக ஏற்றுவது நல்ல முறை. மூன்று எலும்பும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. வெளிர் முனையிலிருந்து கருத்த வாய்க்கு இறங்கும் நிறம் பார்க்கவும் நன்றாக இருக்கும். இடைக்கால ஐரோப்பாவில் எலும்புக்குப் பச்சை நிறமேற்றச் செப்புக் களிம்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். செம்பின் உப்புகள் நஞ்சு. பழைய நூலில் படித்துவிட்டு வாய்க்குழலில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எந்தச் சாயமானாலும் முதலில் கழிவுத் துண்டில் பாருங்கள். அறுத்துப்போட்ட முண்டில் பார்த்தால் ஏமாறுவீர்கள். முண்டு பஞ்சுபோல் துளை நிறைந்தது, சாயத்தைக் குடித்துக் கறுத்துவிடும். தண்டுப்பகுதியிலிருந்து அறுத்த சிறு வளையம்தான் உண்மை சொல்லும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் ஒரு படி வெளிறும், மேல்பூச்சு பட்டால் மறுபடி அடர்த்தியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி, ஏன் நிறமேற்ற வேண்டும் என்ற கேள்வி. வசந்த காலத்துச் சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறமும் கலந்திருக்கும். கிளர்ச்சியடைந்தால் உச்சந்தலை வெள்ளையாகும். வான்கோழிக் காட்டுக்குள் இந்த மூன்று நிறங்களில் எதையும் உடுத்தக் கூடாது, கைக்குட்டைகூட அந்த நிறத்தில் வேண்டாம் என்பது அமெரிக்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லித்தரும் பாடம். புதருக்குப் பின்னால் அசையும் வெள்ளையை இன்னொரு வேட்டைக்காரர் வான்கோழித் தலை என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும். இப்போது நினைத்துப்பாருங்கள்: முகத்தருகே ஒரு சாண் நீளத்துக்குப் பளீரென்ற வெள்ளை எலும்பு, அதிலிருந்து வான்கோழிக் குரல் வேறு. காட்டுக்கு எடுத்துப்போகிற குழலை மண் நிறத்துக்கும் மரப்பட்டை நிறத்துக்கும் இறக்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் பூசிய குழல் அலமாரியில் இருக்கட்டும்.

நிறம் ஏறி, இரண்டு மூன்று நாள் நிழலில் காய்ந்த பிறகு கீறல் சித்திரம் வரைகிறவர்கள் வரைவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் பொழுது போகாத மாலுமிகள் திமிங்கிலப் பல்லில் செய்த வேலையின் வாரிசு இது. கூரான ஊசியால் கீறி, கறுப்பு மையைத் தடவி, துடைத்தால் கீறலில் மட்டும் மை நிற்கும். கீறுவதற்கு முன்பே மேற்பரப்பில் மெழுகு பூசித் துளைகளை அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மை எலும்பு முழுக்கப் பரவி அழுக்காகிவிடும். பலர் சித்திரம் எதுவும் போடுவதில்லை. எந்தப் பறவையின் எலும்போ அதன் எடை, மார்பில் தொங்கும் தாடி இறகின் நீளம், கால்முள்ளின் நீளம், சுட்ட தேதி, ஊர் இவற்றை மட்டும் பொடி எழுத்தில் பொறித்துவைப்பார்கள். எனக்கு அதுதான் அழகு. பாட்டன் சுட்ட பறவையின் எலும்பைப் பேரன் வாயில் வைக்கும்போது வேறு சித்திரம் எதற்கு?

ஒட்டுவதற்கு இரண்டு கலவையைச் சேர்த்துப் போடும் அரால்டைட் வகை எபாக்ஸி சரியானது. உள்ளே போகும் எலும்பின் நுனியில் பசை வைக்காமல், நுனிக்குச் சற்றுத் தள்ளி வெளிப்புறத்தில் வளையமாக வைக்க வேண்டும். நுனியில் வைத்தால் பசை குழலுக்குள் பிதுங்கும். காற்று வழியில் ஒரு துளி கெட்டியானாலும் குரல் மாறும். ஒட்டியதும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் கம்பியை ஒரு முறை உள்ளே விட்டு எடுத்துவிடுங்கள். எலும்பு ஒருபோதும் கச்சிதமான வட்டமாக இருக்காது. இடைவெளி விழும் இடத்தில் உள் எலும்பில் நூல் சுற்றிச் செருகலாம், அல்லது எபாக்ஸியில் எலும்புத்தூளைக் குழைத்து அடைக்கலாம். அந்தக் கலவையில் பிறகு சாயமேறாது என்பதால் குழைக்கும்போதே சாயமேற்றிய எலும்பின் தூளைக் கொஞ்சம் சேர்த்தால் நிறம் ஒத்துப்போகும்.

மூட்டுகளின்மேல் நூல் சுற்றுவது வழக்கம். தூண்டில் கோலில் வளையங்களைக் கட்டும் அதே சுற்று. முடிச்சுத் தெரியாமல் நூலின் கடைசியைச் சுற்றுக்கு அடியில் இழுத்து முடிப்பார்கள். நூல் மூட்டை இறுக்கும், பிளவைத் தடுக்கும், பசையின் கோணல்களையும் மறைக்கும். அதன்மேல் தூண்டில் கோலுக்குப் போடும் பிசினைப் பூசிக் குழலைச் சுழற்றிக்கொண்டே காயவைத்தால் வழியாமல் கண்ணாடிபோல் நிற்கும். நைலான் நூல் பிசினில் நனைந்தால் நிறம் கறுக்கும்; அது முன்பே தெரிந்திருந்தால் ஒரு சாயல் வெளிறிய நூலாக எடுக்கலாம்.

மேல்பூச்சில் ஆளுக்கொரு கட்சி. ஒன்றுமே பூச வேண்டாம், 2000 எண் தாள் வரை தேய்த்து, துணியில் மெருகேற்றி, தேன்மெழுகு தடவி விடு என்பது ஒரு கட்சி. கை எண்ணெயும் காலமும் சேர்ந்து எலும்புக்குத் தானாகவே ஒரு நிறம் கொடுக்கும். குறை என்னவென்றால் மெழுகு தேயும், அவ்வப்போது திரும்பப் போட வேண்டும். வாய் முனைக்கு நான் சொல்வது இதுதான்.

அரக்குப் பூச்சு அடுத்தது. அமெரிக்கத் தச்சர்கள் ஷெல்லாக் என்று டப்பாவில் வாங்குவது பெரும்பாலும் நம் நாட்டு அரக்குதான். பலாச மரத்திலும் குசும் மரத்திலும் இலந்தையிலும் வாழும் அரக்குப் பூச்சி சுரப்பது. இந்தியாவில் ஜார்க்கண்ட்தான் இதன் பெரிய களம். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்புத் தருவதும் இதே அரக்கு என்பதால் வாய்க்குப் பாதகமில்லை. ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய பூச்சாக நாலைந்து முறை தடவினால் எலும்புக்கு இளஞ்சூடான பொன்னிறம் வரும். கரைத்து மாதக்கணக்கில் வைத்த அரக்கு சரியாகக் காயாது, பிசுபிசுக்கும். தேவைக்கேற்பப் புதிதாகக் கரைப்பது நல்லது. ஈரம் பட்டால் வெண்மை படரும் என்பது அரக்கின் பலவீனம். இன்னொன்று: ஸ்பிரிட் சாயத்தின்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தூரிகையால் தேய்த்தால் சாயம் கரைந்து தூரிகையோடு வரும். அப்படிச் சாயம் போட்ட எலும்புக்கு முதல் பூச்சைத் தெளிப்பானால் தெளிக்க வேண்டும், அல்லது வேறு பூச்சுக்குப் போக வேண்டும்.

துப்பாக்கியின் மரப்பிடிக்குப் போடும் ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு பலருக்குப் பிடித்தமானது. விரலாலேயே தடவலாம். காய்வதற்காகச் சேர்க்கும் உலோக உப்புகள் சில வகைகளில் உண்டு. முழுதாகக் காய்ந்து வாசனை போன பிறகே உதட்டருகே கொண்டுபோக வேண்டும். இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

ஃபெவிக்விக் வகைப் பசையையே மேல்பூச்சாகப் போடும் பழக்கமும் பரவியிருக்கிறது. நீர்போன்ற மெல்லிய பசை எலும்பின் துளைகளுக்குள் இறங்கி, இளகிய எலும்பையும் கெட்டியாக்கும். அடுக்கடுக்காகப் போட்டுத் தேய்த்தால் பீங்கான்போல் மின்னும். உடையும் நிலையில் உள்ள பழைய குழலைக் காப்பாற்ற இதற்கு நிகரில்லை. ஆனால் பருத்தித் துணியில் அள்ளித் தேய்த்தால் துணி சுட்டுவிடும். கண்ணெரிய வைக்கும் புகையும் வரும். வேலை முடிந்த குழல் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எலும்பைத் தொடுகிறோம் என்ற உணர்வே போய்விடுகிறது. பாலியூரித்தேன் வார்னிஷுக்கும் இதே குறை. ஈரத்தைத் தாங்குவதில் மட்டும் எல்லாவற்றையும் விட உறுதி.

எதைப் போட்டாலும் கடைசிப் பூச்சு காய்ந்ததும் மிக மெல்லிய இரும்புக் கம்பளியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பளபளப்பை அடக்கிவிடுங்கள். வான்கோழியின் பகல் பார்வை கூர்மையானது, நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும். காலை வெயிலில் மின்னுகிற குழல் அசைந்தால் போதும், வந்துகொண்டிருந்த சேவல் திரும்பிவிடும். அமெரிக்காவின் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு 1973-ல் தொடங்கப்பட்டது. தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் இயங்குகிறது. அதன் ஆண்டு மாநாட்டில் அழைப்புக் கருவி செய்பவர்களுக்குப் போட்டி நடக்கும். அலங்காரக் கருவிகளும் வேட்டைக் கருவிகளும் அங்கே வெவ்வேறு பிரிவுகள். ஒன்றுக்கு எடுபடுகிற மினுக்கம் இன்னொன்றுக்குக் கேடு என்பது அந்த உலகத்துக்குப் பழகிய விஷயம்.

முடிந்த குழலை ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் உதறி எச்சிலை வெளியேற்றி, காற்றாட வைக்க வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தால் எலும்பு காய்ந்து பிளக்கும், மெழுகும் இளகும்.

நம் ஊரில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பண்ணை வான்கோழியின் இறக்கை எலும்புக்குத் தடையேதுமில்லை. ஓராண்டு தாண்டிய பறவையாகக் கேட்டு வாங்குங்கள். ஊரெங்கும் மயில் திரிகிறதே, அதன் எலும்பில் செய்தால் என்ன என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. தானாக உதிர்ந்த தோகை இறகுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. எலும்புக்குக் கிடையாது, செத்துக் கிடந்த மயிலின் எலும்பாக இருந்தாலும் சரி. கௌதாரி, காடை போன்ற காட்டுப் பறவைகளைக் குழல் ஊதி அழைத்துப் பிடிப்பதும் இங்கே குற்றம்தான்.